சேற்றில் இறங்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடு! விவசாயி என்று பெயரை எழுது!

(கிளைக் கூட்டங்களில் நம் சங்கத்தின் சார்பில் பேசப்பட்ட உரை)



வேலை நாள்ல வயலையும் மாட்டையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால சுற்றி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுறோம்.

மழையும் ஆறும் பழைய கணக்கில் இல்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்தது. 2021 பொங்கல் நேரத்தில், மழையே வரக்கூடாத தை மாதத்தில் கொட்டி, அறுக்க வேண்டிய சம்பாக் கதிர் வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரியில் திரும்பவும் அதே கதை. 2023 ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தார்கள். அக்டோபரில் தண்ணீர் இல்லையென்று மூடினார்கள். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறக்க முடிந்தது.

காவிரி உரிமைக்கான போராட்டம் ஒரு பக்கம் நடக்கும். அது நிற்காது. ஆனா வானம் மாறிப்போனதுக்கு நாமும் சாகுபடியை மாற்றித்தான் ஆகணும். இதைத்தான் அதிகாரிகள் 'காலநிலைக்கு உகந்த வேளாண்மை' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். குறைந்த தண்ணியில் விளைய வைப்பது, வெள்ளம் வந்தாலும் தாங்குவது, செலவைக் குறைப்பது, மண்ணைக் கெடுக்காம வைத்திருப்பது. இவ்வளவுதான் சங்கதி.

கேள்வி என்னவென்றால், இந்தப் பயிற்சி யாருக்குப் போகிறது?

வயலில் யார்? பட்டியலில் யார்?

விதையைப் புடைத்துப் பத்திரப்படுத்துவது யார்? நாற்று பறிப்பது யார்? நடவு யார்? களை யார்? பூச்சி விழுந்ததை முதலில் பார்ப்பது யார்? வீட்டுக்காரர் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போன பிறகு அரை ஏக்கரை மல்லுக்கட்டிக் காப்பாற்றுவது யார்? தாய்மார்கள்தான்.

ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி செய்வோர் என்று கணக்கில் ஏறிய 100 பேரில் பெண்கள் சுமார் 14 பேர்தான். பயிற்சிக்குப் பெயர் எழுதும்போது "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்கிறார்கள். பட்டா மாமனார் பேரில், இல்லேன்னா புருஷன் பேரில். பயிற்சிக்குப் போறவர் ஒருத்தர், சேத்துல நிக்கிறவங்க வேறொருத்தர். கேட்டவர் வீட்டில் வந்து சொல்றதில்லை. சொன்னாலும் பாதிதான் சொல்றார். அப்புறம் எப்படி வயல் மாறும்?

பயிற்சி என்றால் என்ன?

வட்டாரத் தலைநகரில் ஒரு ஹாலில் உட்கார வைத்து, படம் போட்டு, கையெழுத்து வாங்கி, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்பினா அது பயிற்சியா? காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால், அந்த நேரத்தில் தாய்மார்கள் நடவுக் களத்தில் இருப்பார்கள். பஸ் பிடித்து வந்தால் அன்றைய கூலி போச்சு.

பயிற்சியை வயலில் கொடுக்கணும். ஒரு நாளோடு முடியக்கூடாது. விதை நேர்த்தியில் ஆரம்பித்து அறுவடை வரை கூட நின்று சொல்லித் தரணும். 1989இல் இந்தோனேசியாவில் புகையான் பூச்சியைச் சமாளிக்க ஆரம்பித்த வயல்வெளிப் பள்ளி இந்த முறைதான். வாரம் ஒருநாள் வயலில் இறங்கி, பயிரைப் பார்த்து, என்ன செய்வது என்று விவசாயிகளே முடிவெடுத்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1986இல் டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு 'தான்வா' திட்டம் வந்தது. சிறு, குறு விவசாயப் பெண்களுக்குப் பெண் வேளாண் அலுவலர்களே கிராமத்துக்கு வந்து பயிற்சி கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட ஒரு பெண் பக்கத்தில் உள்ள பத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நாம் புதுசா எதையும் கேட்கவில்லை. செய்து பார்த்ததைத் திரும்பச் செய்யுங்கள் என்கிறோம்.

கற்றுக்கொண்டால் கையில் நிற்பது என்ன?

ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். பழைய முறையில் 20, 30 கிலோ போடுகிறோம். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, இருபக்கமும் 22.5 செ.மீ. இடைவெளி. நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை களைக்கருவி ஓட்டணும்.

போர் தண்ணீர் வைத்திருப்பவர்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை. ஒரு அடி நீளக் குழாயில் கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு வயலில் பாதியளவு பதிக்கணும். குழாயில் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடக்கூடாது. தண்ணீர் மிச்சம், மின்சாரம் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் குறையும்.

தண்ணீர் தேங்கும் பள்ளக்காலுக்கு சி.ஆர். 1009 சப்-1 ரகம். பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தேறி வரக்கூடியது. மழை வடிந்த பிறகு பயிர் மஞ்சளாகக் கிடந்தால், ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஒரு ராத்திரி வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். இந்தக் கணக்கு நேரத்தில் தெரிந்தால் பயிர் பிழைக்கும். பத்து நாள் கழித்துத் தெரிந்து பிரயோசனமில்லை. அதனாலதான் கிராமத்திலேயே, கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒரு பெண் பயிற்றுநர் வேணும் என்கிறோம்.

கருவி வருது, கூலி போகுது

இன்னொரு விஷயத்தையும் பேசியாகணும். குனிந்து கையால் களை பறிக்கும்போது அது பொம்பளை வேலை, குறைந்த கூலி. களைக்கருவி வந்ததும் ஆம்பளை வேலை, கூடுதல் கூலி! நடவு இயந்திரம் வந்தால் நடவாளுக்கு வேலையே இல்லை. தண்ணியும் விதையும் மிச்சமாகும் முறை நமக்கு வேணும். அது உழைக்கும் பெண்ணின் வயிற்றில் அடிக்கக்கூடாது. பெண்கள் தள்ளக்கூடிய எடையில் கருவி செய்யணும், ஓட்டப் பழக்கணும், வாடகை இயந்திர மையங்களை மகளிர் குழுக்களின் கையில் கொடுக்கணும்.

பேர் இல்லேன்னா பயிற்சியும் பாதிதான்

கற்றுக்கொண்டாச்சு. வெள்ளம் வந்தாச்சு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் நிவாரணம் உண்டு. ஆனா யாருக்கு? அடங்கலில் பேர் உள்ளவருக்கு. 2019இல் வந்த 6,000 ரூபாய் பி.எம். கிசான் பணம், நிலம் பேரில் உள்ள குடும்பத்துக்குத்தான். குத்தகைக்கும் வாரத்துக்கும் சாகுபடி செய்யும் பெண் எங்கே போவாள்?

2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளி எல்லோரையும் 'விவசாயி' என்றே சொல்கிறது. பெண் விவசாயிகளின் உரிமைக்காக எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதாவே கொண்டு வந்தார். அது சட்டமாகாமல் காலாவதியானது.

பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் போட்டது. நாடு முழுக்க 2005இல் வந்தது. சட்டம் இருக்கு, வீட்டில் நடக்குதா? இதை அரசாங்கத்தை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண் தோழர்களையும் பார்த்துக் கேட்கிறோம். பட்டாவில் மனைவி பேரைக் கூட்டாகச் சேர்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

நமது கோரிக்கைகள்

1. பட்டா கேட்காதே! சாகுபடி செய்யும் பெண்ணை நேரில் பார்த்துப் பயிற்சிப் பட்டியலில் சேர்.

2. அட்மா திட்ட விதிப்படி பெண்களுக்கான 30 சதவீத நிதியை எந்த ஊரில், யாருக்குச் செலவிட்டாய் என்று கிராமசபையில் கணக்குச் சொல்.

3. ஊராட்சிக்கு ஒரு வயல்வெளிப் பள்ளி நடத்து. பயிற்சி நாளுக்கு அன்றைய கூலியை ஈடு செய்.

4. 2023இல் தொடங்கிய 'கிருஷி சகி' திட்டத்தில் தேர்வான கிராமப் பெண்களுக்கு மாத ஊதியமும் பயணப்படியும் வழங்கு.

5. குத்தகை, வாரச் சாகுபடி செய்யும் பெண்களுக்கு அடங்கலும், பயிர்க்கடனும், காப்பீடும், நிவாரணமும் கொடு. 2025இல் தொடங்கிய விவசாயி அடையாள எண் பதிவில் அவர்களையும் சேர்.

6. பெண்களுக்கேற்ற கருவிகளை மகளிர் குழுக்களுக்கு மானியத்தில் வழங்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி கொடு.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் வரும் வரை கைகட்டி நிற்கப் போவதில்லை. கிளைக்கு ஒரு வயல், ஒரு பருவம், பத்துப் பெண்கள் என்று சங்கம் முடிவெடுத்திருக்கிறது. இருபது சென்ட் போதும். ஒற்றை நாற்றும் பழைய நடவும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். எத்தனை தண்ணீர், எத்தனை ஆள், எத்தனை மூட்டை என்று நோட்டில் எழுதி வைப்போம். அனுபவப்பட்ட ஒரு தாய் புதுசா வரும் இரண்டு பெண்களுக்குப் பொறுப்பு. குத்தகைக்காரப் பெண்கள் நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் வங்கிக் கடன் கேட்க வழி இருக்கிறது. விண்ணப்பம் எழுத சங்கம் கூட வரும்.

2026ஆம் ஆண்டை சர்வதேசப் பெண் விவசாயி ஆண்டு என்று ஐ.நா. பொதுச்சபை 2024லேயே அறிவித்தது. அக்டோபர் 15ஐப் பெண் விவசாயிகள் தினம் என்று நம் அரசாங்கமும் கொண்டாடுகிறது. மாலையும் மேடையும் நமக்கு வேண்டாம். அக்டோபர் 15 அன்று வட்டாட்சியர் அலுவலகம் முன் கூடுவோம். ஒவ்வொரு பெண்ணும் எந்த வயலில், எத்தனை வருஷமா, என்ன சாகுபடி செய்கிறோம் என்று தன் பேரில் எழுதிய மனுவோடு வாருங்கள். மனுவைக் கொடுத்து ரசீது வாங்காமல் திரும்ப மாட்டோம்!

உழுபவளும் விவசாயியே! நடுபவளும் விவசாயியே!
வயலுக்கு வா, பயிற்சி கொடு!
அடங்கலில் எங்கள் பெயரை எழுது!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!