மதிப்பெண் பட்டியலில் இல்லாத ஆண்டுகள்

(2024 டிசம்பர் 29, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று வானொலியில் ஆற்றிய மறையுரை)



இன்றைய நற்செய்தியில் லூக்கா நம்மை எருசலேமுக்கு அழைத்துச் செல்கிறார். பாஸ்கா விழா முடிந்து கூட்டம் ஊர் திரும்புகிறது. ஒரு நாள் பயணம் கடந்த பிறகுதான் மகன் உடன் வரவில்லை என்பது மரியாவுக்கும் யோசேப்புக்கும் தெரிகிறது. தேடி அலைந்து, மூன்றாம் நாள் கோவிலில் போதகர்கள் நடுவே கண்டுபிடிக்கிறார்கள். இயேசுவுக்கு அப்போது வயது 12. நம் கணக்கில் ஏழாம் வகுப்பு. தாய் கேட்கிறார், மகன் பதில் சொல்கிறார், அந்தப் பதில் பெற்றோருக்குப் புரியவில்லை. லூக்கா இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். திருக்குடும்பத்திலேயே பிள்ளை சொன்னது பெற்றவர்களுக்குப் புரியாத நாள் ஒன்று இருந்தது என்பது நமக்கெல்லாம் எவ்வளவு பெரிய ஆறுதல்!

புரியாத அந்தப் பேச்சை அன்னை மரியா தள்ளிவிடவில்லை, உள்ளத்தில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நாசரேத்து. 12 வயது முதல் ஏறக்குறைய 30 வயது வரை இயேசு அங்கே என்ன செய்தார் என்று ஒரு நிகழ்ச்சியைக்கூட நற்செய்தியாளர்கள் சொல்லவில்லை. வளர்ந்தார் என்ற அளவில் லூக்கா முடித்துக்கொள்கிறார். இதை மறைந்த வாழ்வு என்கிறது இறையியல். அந்த ஆண்டுகள் எழுதப்படவில்லை. அதற்காக அவை வீணான ஆண்டுகள் என்று யாராவது சொல்வோமா?

நம் வீடுகளிலும் எழுதப்படாத ஆண்டுகளோடு ஒரு தலைமுறை நடமாடுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளைகளைச் சொல்கிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூன் 9 அன்று ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வையும் வருகைப் பதிவையும் வைத்து மதிப்பெண் கொடுத்தார்கள். அதே பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பிலும் தேர்வின்றியே தேர்ச்சி பெற்றார்கள். ஆக, அவர்கள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே 2022 மே மாதப் பிளஸ் டூ தேர்வுதான். அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் நிலை இன்னும் பாவம். 2021-இல் அவர்கள் கைக்கு வந்த பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை. தேர்ச்சி என்ற ஒரு சொல் மட்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஊர் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆல் பாஸ், கொரோனா பேட்ச். கல்யாண வீட்டில் ஒரு மாமா சிரித்துக்கொண்டே சொல்லுவார். வேலை கேட்டுப் போன இடத்திலும் சொல்லுகிறார்கள். சொல்பவருக்கு அது நகைச்சுவை. கேட்கிற பிள்ளை, தேர்வு வேண்டாம் என்று யாரிடமும் மனு கொடுக்கவில்லையே! படித்து முடித்துக் காத்திருந்தவர்களும் அதில் உண்டு.

அந்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்தார்கள்? பங்குப் பணியில் இருக்கும் நாங்கள் பார்த்ததைச் சொல்லலாம். வீட்டுக்கு ஒரே கைபேசி. காலையில் அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் அவரோடு போய்விடும். இரவு அவர் திரும்பியதும் அன்றைய வகுப்புச் செய்திகள் மொத்தமும் வந்து விழும். தங்கைக்கு முதலில் எழுதக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் தன் பாடத்தைத் திறந்த அண்ணன்மார் உண்டு. சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தவர்கள் உண்டு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும் நேரத்தில் மின்சாரம் போய்விட்ட கதையைக் கேட்டால் இப்போதும் சிரிப்பார்கள். வருமானம் நின்ற வீடுகளில் பையன்கள் மூட்டை தூக்கவும் காய்கறி விற்கவும் போனார்கள். பெண் பிள்ளைகள் சமையலையும் பாட்டியின் மருந்து வேளையையும் பார்த்துக்கொண்டார்கள். ஊரடங்கு தொடங்கும்போது பீடச்சிறுவனாக இருந்தவன், ஆலயம் திறந்து மீண்டும் வந்து நின்றபோது மீசை அரும்பியிருந்தது. பழைய அங்கி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அவன் வளர்ந்ததை நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

பெருந்தொற்று கடவுள் தந்த நல்ல பாடம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அப்படிப் பேச நமக்கு மனம் வரவில்லை. இழப்பு இழப்புதான். கணக்கில் அடிப்படை விட்டுப்போய்க் கல்லூரியில் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். கைபேசியை விட முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போய்ப் பள்ளிக்குத் திரும்பாதவர்களும், படிப்பை நிறுத்திக் கழுத்தில் தாலி ஏறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களிடம் போய் எல்லாம் நன்மைக்கே என்று சொல்வது நற்செய்தி ஆகாது. மகனைக் காணாமல் தேடிய மரியாவும் தன் வேதனையை வாய்விட்டுத்தான் சொன்னார்.

2020-இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களில் பலர் வரும் கோடையில் பட்டப்படிப்பை முடித்து வேலை தேடி வருவார்கள். கடை வைத்திருப்பவர்கள், நிறுவனம் நடத்துபவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சான்றிதழைப் பார்த்து முகம் சுளிக்குமுன், அந்த இரண்டு ஆண்டுகளில் நீ வீட்டில் என்ன செய்தாய், தம்பி என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெற்றோரும் கேட்கலாம். பிள்ளை உடனே பேசாது. பேசினாலும் பாதி புரியாது. குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டால் போதும். பள்ளியை விட்டவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுத வழி இருக்கிறது. வயது போய்விட்டது என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாமல், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு முறை அழைத்துப் போங்கள்.

இன்று உலகெங்கும் மறைமாவட்டங்களில் யூபிலி ஆண்டு தொடங்குகிறது. எதிர்நோக்கே அதன் மையக்கருத்து. அதை முதலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சில வீடுகள் உண்டு. தொற்றில் தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. 18 வயது நிறைவில் வட்டியோடு அது கைக்கு வரும். அன்று வளரிளம் பருவத்தில் இருந்தவர்கள் இப்போது அந்த வயதைத் தொடுகிறார்கள். அந்தப் பணத்தை வைத்துப் படிப்பதா, வீட்டுக் கடனை அடைப்பதா, உறவினர் கேட்டால் கொடுப்பதா என்று பேசிப் பார்க்க அவர்களுக்கு வீட்டில் பெரியவர்கள் இல்லை. உங்கள் பங்கில் அப்படிப்பட்ட பிள்ளைகள் யார் யார் என்று அன்பியப் பொறுப்பாளர்கள் இந்த வாரமே விசாரித்து, பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். இன்றைய திருப்பலியின் மன்றாட்டில் அவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்வோம்.