ஒரு புரதத்தின் பற்றாக்குறை

ஒன்றோடொன்று சேர்ந்தே பயன்படும் இடுபொருள்களில் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே மொத்த உற்பத்தியின் அளவை முடிவு செய்கிறது. பொருளாதார மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. சிமெண்டு மூட்டைகள் குவிந்து கிடந்தாலும் இரும்புக் கம்பி வந்து சேராவிட்டால் பாலம் எழும்பாது. மனித உடலிலும் இவ்விதி செயல்படுகிறது என்பதற்கு, ஆர்.பி.எஸ். 19 என்னும் புரதமும் அதனை உருவாக்கும் மரபணுவும் தக்க சான்றாகும்.

உயிரணுவின் தொழிற்கூடம்

உடலுக்குத் தேவையான புரதங்கள் ரைபோசோம் எனப்படும் நுண்ணிய அமைப்புகளில் உருவாகின்றன. 1950களில் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் இவற்றைக் கண்டு விளக்கிய ஜார்ஜ் பலாடே, 1974இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் ஆராய்ந்து, 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன்.

மனித ரைபோசோம் சிறியது, பெரியது என இரு கூறுகளைக் கொண்டது. நான்கு ஆர்.என்.ஏ. இழைகளும் ஏறத்தாழ 80 புரதங்களும் சேர்ந்து இதனை உருவாக்குகின்றன. சிறிய கூற்றில் உள்ள 33 புரதங்களுள் ஒன்றே ஆர்.பி.எஸ். 19. இது 145 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். இதன் மரபணு 19ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ளது. இரு எண்களும் ஒத்திருப்பது தற்செயலே. சிறிய கூற்றின் ஆர்.என்.ஏ. இழை உரிய அளவுக்கு நறுக்கப்பட்டு முழுமை பெற இப்புரதம் இன்றியமையாதது.

பாதி போதாது

ஒவ்வொருவரும் இம்மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு படிகள் பெறுகின்றனர். ஒரு படி பழுதுபட்டால் புரதத்தின் அளவு குறைகிறது. மற்றப் புரதங்கள் போதிய அளவு இருந்தும் சிறிய கூறுகள் தேவையான எண்ணிக்கையில் உருவாவதில்லை. இணைக்கப்படாமல் தேங்கும் பகுதிகளோ உயிரணுவின் எச்சரிக்கை அமைப்பைத் தூண்டி, அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

எல்லா உயிரணுக்களிலும் ரைபோசோம்கள் இருக்க, இக்குறை சிவப்பணுக்களையே பெரிதும் தாக்குவது ஏன் என்று கேட்கலாம். வயது வந்தவரின் எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இவ்வளவு விரைவான உற்பத்தியில் சிறு தடையும் பெரிதாகிறது. ரைபோசோம்கள் குறையும்போது, சிவப்பணு வளர்ச்சியை நெறிப்படுத்தும் காட்டா 1 என்னும் புரதம் போதிய அளவு உருவாவதில்லை என்பதை 2018இல் வெளியான ஆய்வும் காட்டியது.

இதன் விளைவே டயமண்டு–பிளாக்ஃபேன் இரத்தசோகை. 1938இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான லூயிஸ் டயமண்டும் கென்னத் பிளாக்ஃபேனும் இதனை விவரித்தனர். இதற்கும் ஆர்.பி.எஸ். 19 மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1999இல் நிறுவப்பட்டது. நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு இம்மரபணுவே காரணம். மற்றவர்களுள் பலருக்குப் பிற ரைபோசோம் புரதங்களின் மரபணுக்கள் காரணமாகின்றன. பத்து இலட்சம் பிறப்புகளில் ஐந்து முதல் ஏழு குழந்தைகளுக்கு இந்நோய் காணப்படுகிறது. பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே வெளுப்பும் சோர்வும் தோன்றிவிடுகின்றன.

சராசரிக்கு அப்பால்

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளுள் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. இவ்வளவு பரவலான குறைக்கு இரும்புச் சத்து வழங்குவதைத் திட்டத்தின் மையமாகக் கொள்வது முறையே. ஆனால் டயமண்டு–பிளாக்ஃபேன் குழந்தைக்குக் குறைவது இரும்பு அன்று. அதனைப் பயன்படுத்தும் ஆற்றலே. இத்தகைய குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்து முதலில் பெரும்பாலும் பயன் தருகிறது. பயன் தராதவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றப்படும் ஒவ்வோர் அலகிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேர்கிறது. மிகை இரும்பை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லாததால், அது இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அந்நிலையில் இரும்புச் சத்து மருந்தையும் தொடர்ந்து தருவது சுமையின் மேல் சுமை ஏற்றுவதாகும்.

இரண்டையும் வேறுபடுத்த எளிய சோதனைகள் உண்டு. இரும்புக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். இந்நோயில் வழக்கமாகப் பெருத்திருக்கும். புதிதாகத் தோன்றும் இளம் சிவப்பணுக்களோ மிக அருகியே காணப்படும். மரபணுச் சோதனை பின்னர் வரலாம். இரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் கூர்ந்து பார்த்து, இளம் அணுக்களை எண்ணினாலே ஐயம் எழுந்துவிடும்.

மத்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. ஆயினும் சிறப்பு மையத்தின் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும், நோய் இன்னதென ஐயுற்று அனுப்புவோர் இல்லையெனில் குழந்தை அங்கே சென்று சேராது. இங்கும் பற்றாக்குறையான இடுபொருளே பயனின் அளவை முடிவு செய்கிறது. ஆகவே, பச்சிளம் பருவத்தில் கடும் இரத்தசோகை கண்ட குழந்தையும், இரும்பு தந்தும் தேறாத குழந்தையும் மறுசோதனைக்கு அனுப்பப்பட வேண்டும் என்னும் ஒரு விதி களப்பணியில் இடம்பெறுதல் நலம். அதற்குப் பெரும் செலவு இல்லை. பதிவேட்டில் ஒரு பத்தியும், அதனைப் படித்து நடவடிக்கை எடுக்கும் ஓர் அலுவலரும் போதும்.