சொந்தக்காரர் காணியில் வீடு கட்டுமுன்



லயத்துக் காம்பராவை விட்டு வெளியேறி, நமக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை நம்ம எல்லாருக்கும் உண்டு. தோட்டக் காணியோ அரசாங்கத்துடையது. 1992இல் கம்பனிகளிடம் போனது நிர்வாகம்தான். ஆகவே சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும், காணி வைத்திருக்கிற பெரியப்பா, மாமா, மச்சான் ஞாபகம் வருகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்களும் நமக்கு நிறைய. "அந்த மூலையில கட்டிக்கப்பா" என்று அவரும் மனசாரச் சொல்கிறார். நாமும் கல்லு, மண்ணு ஏத்தத் தொடங்கிவிடுகிறோம்.

மாமா சொன்ன சொல் மாற மாட்டார், சரி. அவர் கண்ணை மூடிய பிறகு? உயில் எழுதாமல் போனால் காணியில் பாதி மாமிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சேரும். அவர்களில் ஒருவர் "எங்க பங்கைக் குடுங்க" என்று கேட்டால் நம்ம கையில் என்ன இருக்கிறது?

வாய்ப்பேச்சில் காணி கைமாறாது. நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். சமாதான நீதவான் சீல் குத்திய கடிதத்தால் காணி நமக்குச் சொந்தமாகிவிடாது.

"பத்து வருஷம் இருந்துட்டா நமக்குத்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். சொந்தக்காரரின் அனுமதியோடு இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் மாமாவிடம் உள்ள பத்திரத்தைப் பாருங்கள். அது உறுதியா, அரசாங்கப் பேர்மிட்டா? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துப் பேர்மிட் என்றால், பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது. முதலில் செயலகத்துக்குப் போங்கள்.

உறுதிக் காணி என்றால், காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈட்டில் இருக்கிறதா, பங்காளிகள் உண்டா என்று தெரியவரும். பங்காளிகள் இருந்தால் எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு சர்வேயரைக் கொண்டு நம்ம துண்டை அளந்து, பிளானோடு நன்கொடை உறுதியோ விலை உறுதியோ எழுதி, பதிவகத்தில் பதியுங்கள். பெரியவருக்குப் பயம் இருந்தால், தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டே எழுதிக் கொடுக்கலாம்.

"மாமாகிட்ட எப்படிங்க கடுதாசி கேக்கிறது, சந்தேகப்படுறோம்னு நினைப்பாரே" என்ற கூச்சம் நமக்குள் இருக்கிறது. நாளைக்கு அவர் பிள்ளையும் நம்ம பிள்ளையும் கோர்ட் வாசலில் எதிரும் புதிருமாய் நிற்கக்கூடாது என்றுதானே கேட்கிறோம்? அதையே அவரிடம் சொல்லுங்கள். வெற்றிலை வைத்து, மாமியையும் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கொழுந்து பறித்துச் சேர்த்த காசு இது. அத்திவாரம் வெட்டுமுன் உறுதியை எழுதுவோம்.