ஊருக்கு ஒரு படம்

நான் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி, வீடு வண்டலூரில். விஸ்காம் என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. புரிந்ததும், "சினிமாவுக்குப் போகப் போறியாம்மா?" என்று கேட்பார்கள். சினிமாவும் பிடிக்கும். ஆனால் இப்போதெல்லாம் என் மனம் எங்கள் ஊர் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலையோரத்துச் சுவர்களிலேயே நிற்கிறது.

தேர்தல் வருகிறதென்றால் அந்தச் சுவர்களுக்கு வெள்ளையடித்து, இன்ன கட்சிக்கு என்று எழுதிப் பிடித்து வைத்துவிடுவார்கள். பிறகு ஓவியர் வருவார். நூல் அடித்துக் கோடு போடுவார். உதயசூரியனோ இரட்டை இலையோ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் எழுந்துவிடும். வேறொரு ஊரில் வேறொருவர் வரைந்தாலும் அதே சூரியன், அதே இலை.

இந்தத் தேர்தல் சின்னங்கள் ஏன் வந்தன? 1951-52இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். வாக்குச்சீட்டில் பெயர் அச்சிட்டு என்ன பயன்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைத்து, அதில் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளையைப் பார்த்தோ, கதிர் அரிவாளைப் பார்த்தோ சீட்டைப் பெட்டிக்குள் போட்டார்கள் மக்கள். படிக்காதவர் யார் துணையும் இல்லாமல் தன் முடிவைத் தானே சொல்ல, ஒரு கோட்டோவியம் போதுமானதாக இருந்தது! எங்கள் துறையில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியவில்லை.

பின்னாளில் தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்றொரு வரைவாளர் இருந்தார். 1992இல் ஓய்வு பெறும்வரை, வீட்டிலும் தெருவிலும் நாம் தினமும் பார்க்கும் பொருட்களைச் சின்னங்களாகப் பென்சிலால் வரைந்து கொடுத்தவர். வண்ணம் கிடையாது, கறுப்பு வெள்ளைதான். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் தெரிய வேண்டும், சுவர் அளவுக்குப் பெருக்கினாலும் தெரிய வேண்டும். வரைந்து பாருங்கள், எத்தனை கடினம் என்று புரியும்.

இப்படிச் சின்னம் வரைவதைக் கலை என்று ஒப்புக்கொள்ளச் சிலர் தயங்குகிறார்கள். எனக்குத் தயக்கமே இல்லை; பெரிய ஓவியர் ஒருவரும் எழுத்தையும் குறியீட்டையும் வைத்தே வரைந்திருக்கிறாரே. எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 1960களில் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டங்கள் எல்லாம் நிறைந்திருக்கும். அவற்றை வாசித்துப் பொருள் காண முடியாது, பார்க்கத்தான் வேண்டும். அவர் எழுத்தைப் படமாக்கினார், சேத்தி படத்தை எழுத்தாக்கினார். இருவரும் எனக்கு ஆசிரியர்கள்தான்.

சின்னங்கள் தேர்தலுக்கு மட்டும்தானா? 2023 டிசம்பர் 30 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. பையும் மூட்டையுமாக, "தம்பி, இது எந்த ஊரு வண்டி?" என்று கேட்கும் பாட்டிமாரை எந்தப் பேருந்து நிலையத்திலும் பார்க்கலாம். அவர்களுக்காக நாம் ஏன் ஊருக்கு ஒரு படம் வைக்கக் கூடாது? 1969இல் மெக்சிகோ நகரில் மெட்ரோ ரயில் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் நிலையத்துக்கு ஒரு சின்னம் வரையும் முறையைக் கொண்டுவந்தார். படிக்கத் தெரியாதவர்களும் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டுகொண்டார்கள்.

திண்டுக்கல்லுக்குப் பூட்டு, தஞ்சாவூருக்குத் தலையாட்டி பொம்மை, கும்பகோணத்துக்கு வெற்றிலை. என் நோட்டில் வரைந்துகொண்டே போகிறேன். வண்டலூருக்கு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. உயிரியல் பூங்கா இருப்பதால் புலி என்கிறார்கள் தோழிகள். இந்த ஊருக்கு மலையும் உண்டு, காடும் உண்டு என்கிறேன் நான். உங்கள் ஊருக்கு எந்தப் படம் பொருந்தும்? நாலே கோட்டில் வரைந்து, படிக்கத் தெரியாத ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.