பாடியவர் யார் என்று கேட்டவர்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் ஒரு பெரிய கூட்டம் வருகிறது. இயேசு எரிக்கோவை விட்டுப் புறப்படுகிறார். திரளான மக்கள் அவரோடு நடக்கிறார்கள். வழியோரத்தில் பார்வையற்ற ஒருவர் பிச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர் இயேசு என்று தெரிந்ததும் உரத்த குரலில் அவரைக் கூப்பிடுகிறார். கூட்டத்தார் என்ன செய்தார்கள்? பேசாமல் இரு என்று அவரை அதட்டினார்கள்.

இந்தக் கூட்டத்தார் கெட்டவர்கள் அல்ல. இயேசுவின் மேல் பிரியம் கொண்டு வந்தவர்கள்தான். அவருடைய ஒரு சொல்லைக்கூடத் தவறவிடக் கூடாது என்று ஒட்டி நடந்தவர்கள். இன்றைய பேச்சில் சொன்னால், ரசிகர்கள். ஆனால் அந்தப் பிரியமே இன்னொருவர் வாயை அடைக்கக் காரணமாகிவிட்டது. இந்த ரசிப்பைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க ஆசைப்படுகிறேன்.

இன்றைக்கு நம் பகுதியில் யாரைப் பார்த்தாலும் காதில் இயர்போன் இருக்கிறது. இராஜபாளையம் மில்லுக்கு இரவு ஷிப்ட் போகிற பெண்கள், மகாராஜபுரத்துத் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், எல்லாரும் எதையோ கேட்கிறார்கள். முன்பெல்லாம் அது பாட்டாக இருந்தது. இப்போது பலர் கேட்பது பாட்டைப் பற்றிய பேச்சு. பாட்காஸ்ட் என்கிறார்கள், தமிழில் வலையொலி. 2004-ஆம் ஆண்டில்தான் அந்த ஆங்கிலச் சொல்லே பிறந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அது நம் வயல் வரப்பு வரைக்கும் வந்துவிட்டது.

இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பழைய படத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். ஒரு பாட்டின் சரணத்தில் புல்லாங்குழல் எங்கே நுழைகிறது, அந்த இடத்தில் பாடகி ஏன் மூச்சை அடக்கினார் என்று நுணுக்கமாகச் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க இனிக்கிறது. நானும் கேட்கிறவன்தான். ஒரு பாட்டை நூறு தடவை கேட்ட பிறகும், நாம் கவனிக்காத ஒன்றை இன்னொருவர் காட்டித் தரும்போது வருகிற சந்தோஷமே தனி. அதில் பாவம் எதுவும் இல்லை. அழகை ரசிக்கத் தெரிந்த மனம் கடவுள் தந்த கொடை.

ஆனால் இதற்குள் ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. 1956-இல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வானொலி, தொலைக்காட்சி நேயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தினமும் ஒரே குரலைக் கேட்கிறவருக்கு, அந்தக் குரலுக்கு உரியவர் தம் நண்பர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது என்றார்கள். அந்த நட்பு ஒருபக்கத்து நட்பு. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. காதுக்குள்ளேயே பேசுகிற இந்தக் காலத்தில் அந்த எண்ணம் இன்னும் கெட்டியாகிறது. பேசுகிறவருக்கு எந்தக் காபி பிடிக்கும், சிறு வயதில் எந்தத் தியேட்டரில் படம் பார்த்தார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் தாத்தா எந்தத் தியேட்டரில் படம் பார்த்தார் என்று கேட்டால் தெரியாது.

இன்னொரு சோதனை, கட்சி கட்டுவது. நமக்குப் பிடித்தவரை ஒருவர் லேசாகக் குறை சொல்லிவிட்டால் போதும், உடனே கோபம் வருகிறது. எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று நம் பெரியவர்கள் டீக்கடை பெஞ்சில் மோதிக்கொண்டார்கள். இளையராஜாவா ரஹ்மானா என்று பிள்ளைகள் மோதுகிறார்கள். பாட்டு இரண்டு பேரையும் மகிழ்விக்கத்தான் வந்தது. அதை வைத்தே அண்ணன் தம்பி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிற வீடுகளும் உண்டு. எரிக்கோ கூட்டம் செய்ததும் இதுதானே? என் பிரியத்துக்கு நடுவில் நீ சத்தம் போடாதே என்பதுதானே?

அப்படியானால் நல்ல ரசிகர் எப்படி இருப்பார்? அதற்கு நம் நாட்டுத் திரையிசை வரலாற்றிலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது.

1949-இல் 'மஹல்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. ஆனால் இசைத்தட்டில் பாடகியின் பெயர் இல்லை. கதையில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர் காமினி. அந்தப் பெயரையே பாடியவர் பெயராக அச்சிட்டிருந்தார்கள். பின்னணி பாடுகிறவர் பின்னாலேயே இருக்கட்டும் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். ரசிகர்கள் விடவில்லை. பாடியவர் யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். வானொலி இசைத்தட்டு நிறுவனத்தைக் கேட்டது. அதற்குப் பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் காற்றில் ஒலித்தது.

கவனியுங்கள், அன்பானவர்களே. அந்த ரசிகர்கள் யாரோடும் சண்டை போடவில்லை. அவர்கள் எழுதியது ஒரே ஒரு கேள்வி: பாடியவர் யார்? உழைத்தவர் ஒருவர் மறைக்கப்பட்டிருந்தார். நன்றாகக் கேட்டவர்கள் அவரை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். ரசிப்பு அங்கே நீதியாக மாறியது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைவிட நெருக்கமான ஒன்று நினைவிருக்கும். 1952-இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். அவருடைய காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கிப்போனது. அவை தரக்குறைவானவை என்பது அவருடைய கருத்து. மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக அமைத்த சக்தி வாய்ந்த ஒலிபரப்பு நிலையம் கொழும்பில் இருந்தது. போர் முடிந்ததும் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. தென் தமிழ்நாட்டில் அதன் குரல் பக்கத்து வீட்டுக் குரல் போலக் கேட்டது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித் பாரதி தொடங்கிய பிறகும் இலங்கை வானொலியை நம் மக்கள் விட்டுவிடவில்லை.

எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்ற பெயர்களைச் சொன்னாலே இன்றும் பல பெரியவர்களின் முகம் மலரும். 'பொங்கும் பூம்புனல்', 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என்று எத்தனை நிகழ்ச்சிகள்! அந்த அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரைச் சொல்வார்கள், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் பெயர்களைச் சொல்வார்கள். அதோடு நிறுத்த மாட்டார்கள். பாட்டை விரும்பிக் கேட்டு அஞ்சலட்டை எழுதிய நேயர்களின் பெயர்களையும் ஊர்களையும் நிதானமாக வாசிப்பார்கள். செய்தித்தாளில் ஒருபோதும் வராத ஊர்கள், எந்த மேடையிலும் ஏறாத மனிதர்கள். கடல் கடந்து ஒரு குரல் தன் பெயரை உச்சரித்ததைக் கேட்டு ஒரு விவசாயி மகன் துள்ளிக் குதித்தான் என்றால், அது பாட்டுக்காக மட்டும் அல்ல. தான் இருக்கிறேன் என்பதை ஒருவர் கவனித்தாரே, அதற்காக.

இன்றைய பாட்காஸ்ட்களிலும் நல்லவை இதே வேலையைச் செய்கின்றன. நம் மேற்கு மலைகளுக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து வந்த இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். இது எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மேற்கத்திய இசையைக் கற்றுக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றும் வயலின் வாசித்தவர், தபேலா வாசித்தவர், கோரஸில் நின்று பாடியவர் பெயர்கள் படத்தின் சுவரொட்டியில் வருவதில்லை. ஒரு நிகழ்ச்சி இப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப்போய், ஐயா, அந்த இடத்தில் வாசித்தது நீங்கள்தானா என்று கேட்கும்போது, கேட்கிற நமக்கும் கண் கலங்குகிறது. அந்தக் கலக்கம் நல்லது. ரசிகர் கூட்டத்தில் ஒருவராக இருந்த நாம், அந்த நேரத்தில் ஒரு மனிதருக்கு நன்றி சொல்கிறவராக மாறுகிறோம்.

இப்போது எரிக்கோவுக்குத் திரும்புவோம். கூட்டம் அதட்டுகிறது. இயேசு நிற்கிறார். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் வழியோரத்துக் குரல் ஒன்று அவர் காதில் விழுந்தது. அவரைக் கூட்டி வாருங்கள் என்கிறார். வந்தவரிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அவருடைய வாயாலேயே பதிலைக் கேட்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. இயேசு நலமாக்கிய எத்தனையோ பேருக்கு மாற்கு நற்செய்தியில் பெயர் இல்லை. இவருக்குப் பெயர் இருக்கிறது: திமேயுவின் மகன் பர்த்திமேயு. கூட்டத்தில் இருந்த ரசிகர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர்கள் அடக்கப் பார்த்தவரின் பெயர் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாசிக்கப்படுகிறது.

2022-ஆம் ஆண்டு உலக சமூகத்தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்துகொண்ட கருத்து, இதயத்தின் செவியால் கேட்பது. காது திறந்திருந்தால் மட்டும் போதாது. யாருடைய குரலை நாம் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்று இதயம் தேட வேண்டும்.

நம் வீடுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நான்கு பேர் இருக்கிற வீட்டில் நான்கு காதுகளில் நான்கு நிகழ்ச்சிகள். பிள்ளை ஒரு படத்தைப் பற்றிய பேச்சில் மூழ்கியிருக்கிறான். அந்தப் படம் வந்த வருடத்தில் வாழ்ந்த அப்பத்தா வாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாட்டைத் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியில் முதன்முதலாகக் கேட்டவர் அவர். களை எடுக்கும்போது அதைப் பாடியவர் அவர். எந்தப் பாட்காஸ்டிலும் இல்லாத கதை அவரிடம் இருக்கிறது. ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் பேச ஆரம்பித்தால், சும்மா இருங்க அப்பத்தா, முக்கியமான இடம் ஓடுது என்கிறோம். எரிக்கோ கூட்டம் வெகு தூரத்தில் இல்லை, சகோதரர்களே.

அதற்காக இயர்போனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஸ்பிண்டில் சத்தத்தில் நின்றுவிட்டுப் பேருந்தில் வருகிற ஒரு சகோதரிக்கு அந்த ஒரு மணி நேரப் பேச்சு எவ்வளவு ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். ஆனால் கேட்டு முடித்த பிறகு ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இந்தக் குரல் என்னை அடுத்த மனிதரிடம் அனுப்புகிறதா, இல்லை அவரிடமிருந்து பிரிக்கிறதா?

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்வோம். வீட்டில் இருக்கும் வயதானவர் ஒருவரிடம், அப்படி யாரும் இல்லை என்றால் தெருவில் தனியாக இருக்கும் ஒருவரிடம், பத்து நிமிடம் போய் உட்காருவோம். உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, அதை எங்கே கேட்டீர்கள் என்று கேட்போம். கேட்டுவிட்டு நடுவில் திருத்தாமல், போனைப் பார்க்காமல், அவர் முடிக்கும் வரை கேட்போம். முடிந்தால் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டு, பாடியவர் பெயரையும் சொல்லி, அவரோடு சேர்ந்து கேட்போம். ஒருபக்கத்து நட்பில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும். அவரும் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

வழியோரத்துக் குரலுக்காக நின்ற ஆண்டவர், நமக்கும் நிற்கிற மனத்தைத் தருவாராக. ஆமென்.