பாட்டி சொல்ல, பேத்தி எழுத



எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் நம் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா மகாராஜா அவர்களை அழித்தார். வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள் என்பார்கள். இன்று அவர்கள் கதையைப் பலரும் அறிவது, சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாவலால்தான். அந்த வீட்டார் சொன்ன கதை எங்கே?

என் பாட்டிக்கு நான்கு தலைமுறைப் பெயர்கள் மனப்பாடம். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, “மக்களே, இனி நீ வச்சுக்கோ” என்றாள். நோட்டை எடுத்தேன். ஆண்கள் பெயர் மளமளவென்று வந்தது. தன் அம்மாவைப் பெற்றவள் பெயரில் நின்றுவிட்டாள். “எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்” என்று அழுதாள். அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.

உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். இன்று இரவே பிள்ளைகளை அருகில் உட்கார வையுங்கள். முதலில் பெண்கள் பெயரைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள்.