குழந்தையும் குளிசையும்

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டால், நோயினும் பெரிய தொல்லை மருந்து வேளையிலேதான் தொடங்குகின்றது என்பதைத் தாய்மார் அறிவர். பாணிமருந்தாயின் எப்படியோ இரண்டு கரண்டி உள்ளே சென்றுவிடும். குளிசை என்றாலோ வீடு இரண்டுபடும். தாய் கெஞ்சுகிறாள், தந்தை அதட்டுகிறார், பாட்டியார் பனங்கட்டித் துண்டோடு பின்னாலே நிற்கிறார். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு சுவரோடு சுவராய் ஒட்டிக்கொள்கிறது. முடிவில் குளிசை தரையிலும், தண்ணீர் சட்டையிலும், கண்ணீர் இருவர் முகத்திலுமாக அந்த வேளை கழிந்துவிடுகின்றது.

மூன்று நாட் காய்ச்சலுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லையே. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து மூன்று நாளோடு முடிந்துவிடுவதில்லை. வலிப்பு நோயுள்ள ஏழு வயதுப் பிள்ளையொன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலையும் மாலையும், ஆண்டுக்கணக்காக, அது குளிசை விழுங்க வேண்டியிருக்கிறது. விழுங்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? நாவின் கீழே ஒதுக்கி வைத்திருந்து, தாய் அப்பால் திரும்பியதும் அலுமாரிக்குப் பின்னே துப்பிவிடும். மருந்து உள்ளே போய்விட்டதென்றே தாய் எண்ணுவாள். வைத்தியரிடமும் அப்படியே சொல்லுவாள். வலிப்பு மீண்டும் வந்தால், கொடுத்த அளவு போதவில்லையென்று கருதி வைத்தியர் அதனைக் கூட்டவுங்கூடும். குற்றம் மருந்திலுமில்லை, வைத்தியரிலுமில்லை. இத்தகைய மருந்து வேளை தவறினாலும், திடீரென நின்றுபோனாலும், வலிப்பு முன்னிலும் கடுமையாய் வர இடமுண்டு. மூட்டுவாதக் காய்ச்சலால் இருதயம் தாக்குண்ட பிள்ளைகள் சிலரும் பெனிசிலின் குளிசையை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்ள வேண்டியவராகின்றனர். இவர்களைப் பொறுத்தவரை, குளிசை விழுங்குதல் எழுத்தறிவைப் போலக் கற்பிக்கப்படவேண்டிய ஒரு வித்தை.

இதிலே கற்பிக்க என்ன இருக்கிறது, சோறு விழுங்கும் பிள்ளை குளிசையை விழுங்கமாட்டாதா என்று சிலர் வினவுவர். பல் முளைத்த நாள் முதலாக அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வந்தது என்ன? “நன்றாய் மென்று சாப்பிடு, அப்படியே விழுங்காதே, விக்கும்” என்பதே. ஐந்தாறு ஆண்டு அப்பாடத்தைப் படிப்பித்துவிட்டு, ஒரு நாட் காலையில், அதுவும் காய்ச்சலோடு கிடக்கையில், “மெல்லாதே, அப்படியே விழுங்கு” என்றால் பிள்ளை மலைப்பது இயல்பன்றோ? அதன் மறுப்பிற் பெரும்பகுதி பிடிவாதமன்று. கற்ற பாடத்தை அது மறவாமையே.

விழுங்குதலின் முறையைச் சிறிது அறிந்துகொண்டால் கற்பித்தல் எளிதாகும். வாயிலிட்ட உணவைப் பல் அரைக்கிறது, உமிழ்நீர் குழைக்கிறது, நா அதனைத் திரட்டிப் பின்னே தள்ளுகிறது. அதுவரை நடப்பது பிள்ளையின் விருப்பத்தின்படி நடப்பது. தொண்டையை எட்டியபின் நடப்பனவெல்லாம் தாமாகவே நடக்கும். உள்நாக்குப் பகுதி உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கும், குரல்வளை மேலெழும், அதன் வாயை ஒரு சிறு மூடி கவிந்துகொள்ளும், மூச்சு ஒரு கணம் நிற்கும், உணவு உணவுக்குழாயினுள் இறங்கிவிடும். இவ்வளவும் கஞ்சி குடிக்கும் பிள்ளைக்கு நன்றாய்த் தெரிந்தவையே. கஞ்சியோடு போகும் சோற்றுப் பருக்கையை எந்தப் பிள்ளையும் மென்றுகொண்டிருப்பதில்லை. தொண்டை பழகியே இருக்கிறது, பழகாதது மனம்.

இந்த மனத்தைத்தான் முன்னாளிற் பலர் உடைத்துவிட்டனர். மடியிற் கிடத்தி, கையைக் கட்டி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் சங்கிலிருக்கும் மருந்தை ஊற்றிவிடுதல் ஒரு முறையாகவே வழங்கி வந்தது. மருந்து பருக்குதல் என்ற சொல்லிலேயே அந்த வன்மை தொனிக்கிறது. குளிசைக்கு அம்முறை முற்றிலும் ஆகாது. அழும் பிள்ளை விம்மி மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில், வாயிற் கிடக்கும் குளிசை மூச்சுக்குழாயினுட் போய்விடக்கூடும். விரலால் நாவின் அடியிலே திணித்தலும் தவறு. அவ்விடம் தொடப்பட்டால் குமட்டுதல் உடலின் காவல். ஒருமுறை குமட்டி வாந்தியெடுத்த பிள்ளை, குளிசையைக் கண்ட மாத்திரத்திலேயே மறுமுறை குமட்டும்.

பொய்யும் இதற்கு உதவாது. “இது இனிப்பு, ராசா, வாயைத் திற” என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. கசப்பு நாவிற் பட்டதும் பிள்ளை இரண்டு செய்திகளை அறிந்துகொள்கிறது: ஒன்று, குளிசை கசக்கும், மற்றது, அம்மா சொன்னது மெய்யன்று. நம்பிவிட்ட பிள்ளையோ இன்னும் ஆபத்திலிருக்கிறது. பாட்டியாரின் மேசைமேலிருக்கும் குளிசைகளையும் இனிப்பென்று எண்ணி ஒரு நாள் எடுத்துத் தின்னும். இரும்புச் சத்துக் குளிசைகள் சிலவே சிறு குழந்தையின் உயிருக்கு உலைவைக்கப் போதுமானவை. மருந்தை மருந்தென்றே சொல்லிக் கொடுத்தல் நன்று.

இனி, கற்பிக்கும் காலம். பிள்ளை சுகமாயிருக்கும் நாளே அதற்கு ஏற்றது. விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளையை அன்றைக்கே சோதனைக்கு இருத்துவார் எவருமில்லை. ஆயினும் குளிசை விடயத்தில் முதற் பாடமும் சோதனையும் ஒரே நாளில், அதுவும் நோயுற்ற நாளில், வந்து வாய்க்கின்றன. ஐந்து ஆறு வயதில், பாடசாலைக்குப் போகத் தொடங்கும் பருவத்தில், பெரும்பாலான பிள்ளைகள் இதனைக் கற்றுக்கொள்ள வல்லவர். நாலு வயதிலே கற்பனவும் உண்டு. எட்டு வயதிலும் தயங்குவன உண்டு. சொல்வதைக் கேட்டு அவ்வண்ணம் செய்யும் பக்குவமே முக்கியம், வயதுக் கணக்கன்று.

பல நாடுகளிலுள்ள சிறுவர் மருத்துவமனைகளில் இதற்கெனப் பயிற்சி கொடுக்கின்றனர். கேக்கின்மேல் தூவும் மிகச் சிறிய இனிப்பு மணியில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய இனிப்புகளுக்குப் போவர். அதனையே அடுப்படியிலிருப்பவற்றைக் கொண்டும் செய்யலாம். பிள்ளையை நாற்காலியில் நிமிர்ந்து இருக்கச் செய்து, முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லுதல் வேண்டும். உலர்ந்த வாயில் எதுவும் ஒட்டிக்கொள்ளும். பின்னர்க் குழைய வேகவைத்த சோற்றுப் பருக்கையிற் பாதியை எடுத்து, பிள்ளை தன் கையாலேயே நாவின் நடுவில் வைத்துக்கொள்ளட்டும். உடனே தண்ணீர், உடனே விழுங்குதல். பருக்கை போனதோ, நின்றதோ என்று பிள்ளைக்கே தெரியாது. அந்த வியப்புத்தான் முதல் வெற்றி. அடுத்து முழுப் பருக்கை; அதன்பின் அவித்த சவ்வரிசி மணி ஒன்று; அதன்பின் பாணின் வெள்ளைப் பகுதியை மிளகளவும், பிறகு பயற்றளவும் உருட்டிக் கொடுக்கலாம். கச்சான், கடலை, கல்லுப்போன்ற இனிப்பு முதலியன பயிற்சிக்கு ஆகா. அவை குழையாமல் மூச்சை அடைக்கக்கூடியவை.

ஒவ்வோர் அளவிலும் நாலைந்து முறை எளிதாய்ப் போனபின்னரே மேற்படிக்கு ஏறவேண்டும். இரண்டு முறை தவறினால், முன்னைய சிறிய அளவுக்கு இறங்கி, அதில் ஒருமுறை வென்றதும் அன்றைய பாடத்தை நிறுத்திவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டவேண்டியதில்லை. அண்ணனும் அக்காவும் நின்று சிரிக்கும் இடத்தில் இப்பாடம் நடவாது. சில பிள்ளைகள் இரண்டு நாளில் முடித்துவிடும்; சிலவற்றுக்கு இரண்டு மூன்று கிழமை செல்லும். 500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசையின் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். அதனை முதற் பாடமாக வைப்பவர், அரிச்சுவடி தொடங்கும் பிள்ளையிடம் புராணத்தை நீட்டுபவரை ஒப்பர்.

தண்ணீர் குடிக்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மூக்குப்பேணியைத் தூக்கி, வாய் படாமல், அண்ணாந்து குடித்தல் யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கம். சுத்தத்துக்கு அது சிறந்தது, குளிசைக்கு ஏற்றதன்று. கழுத்துப் பின்னே வளைந்த நிலையில் விழுங்குதல் கடினம். மூச்சு வழியும் திறந்து நிற்கும். கோப்பையில் வாய் வைத்துக் குடித்தலே நன்று. கப்சூல் எனப்படும் கூட்டுக்குளிசை தண்ணீரில் மிதக்கும் இயல்பினது. பிள்ளை அண்ணாந்தால் அது முன்னே பல்லடிக்கு மிதந்து வந்துவிடும். நாடியை மார்பை நோக்கிச் சற்றே தாழ்த்தினால் தொண்டைப் பக்கமாய்ப் போகும். செருமனியின் ஐடல்பேர்க் பல்கலைக்கழகத்தார் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று வளர்ந்தோரிடத்தில் இதனைச் சோதித்து, பயனுடையதெனக் கண்டது. பிள்ளைக்கு முதலில் வெறுந் தண்ணீரோடு இந்த நிலையைப் பழக்கிக் கொள்ளலாம்.

நாட்டு வைத்தியர் குளிகையைத் தனியே கொடார். தேன், பால், இஞ்சிச்சாறு என்று ஏற்றதோர் அனுபானத்தைச் சொல்லியே கொடுப்பர். இக்காலக் குளிசைக்கும் அந்த எண்ணம் பொருந்தும். ஆயினும் எதனோடு எது சேரும் என்பதை மருந்தாளரிடம் கேட்டறிதல் அவசியம். சில கிருமி எதிர்ப்பு மருந்துகளைப் பால் வலுவிழக்கச் செய்யும். இரும்புச் சத்துக் குளிசையோடு தேநீர் குடித்தால் அச்சத்திற் பெரும்பகுதி உடலிற் சேராது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தலே கூடாது. தண்ணீர் போதாதென்று கண்டால், மருந்தாளர் தடை சொல்லாதவிடத்து, ஒரு கரண்டி தயிரிலோ மசித்த வாழைப்பழத்திலோ முழுக் குளிசையை வைத்துக் கொடுக்கலாம். ஒரு கரண்டியே போதும். கோப்பை நிறையக் கலந்துவிட்டுப் பிள்ளை பாதியில் எழுந்துபோனால், எவ்வளவு மருந்து உள்ளே போயிற்றென்று சொல்வார் இல்லை.

இடித்துப் பொடியாக்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்பர். சிலவற்றை அவ்வாறு செய்யலாம். சிலவற்றைச் செய்யவே கூடாது. இரைப்பையைக் கடந்து குடலிலே கரையும்படி மேற்பூச்சிட்ட குளிசைகள் உண்டு. நாள் முழுதும் சிறிது சிறிதாய்க் கரைந்து வேலை செய்பவையும் உண்டு. இவற்றை இடித்தால், பன்னிரண்டு மணி நேரத்துக்கு உரிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடலாம். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோயேற் குளிசைகளிற் பல இவ்வகையைச் சேர்ந்தவை. முன்னே சொன்ன ஏழு வயதுப் பிள்ளைக்கு விழுங்கக் கற்பித்தல் ஏன் அவ்வளவு வேண்டியதாயிற்று என்பது இதனால் விளங்கும்.

ஆசுபத்திரிக்குப் போத்தல் கொண்டுபோய் மருந்துக் கலவை வாங்கி வந்த தலைமுறைக்குப் பாணிமருந்தே பிள்ளை மருந்து. அதில் சீனி உண்டு, பல்லுக்குக் கேடு. வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஓரளவின அல்ல. கரைத்து வைத்த சில மருந்துகளுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் சிறுவர்க்கெனத் தனியே அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. தண்ணீரிற் கரையும் குளிசைகள் பிள்ளைகளுக்காக இப்பொழுது செய்யப்படுகின்றன. விழுங்கவே இயலாத பிள்ளையின் தாய், அப்படி ஒன்று கிடைக்குமோ என்று வைத்தியரைக் கேட்கத் தயங்கவேண்டியதில்லை. சோறு விழுங்கும்போதும் விக்கும் பிள்ளை, அடிக்கடி புரையேறும் பிள்ளை ஆகியவற்றுக்குப் பயிற்சிக்கு முன்னரே வைத்தியரின் பார்வை வேண்டும்.

பயிற்சியின்போது பிள்ளை இருமினால், தாராளமாய் இருமவிடுதல் வேண்டும். இருமவும் பேசவும் மாட்டாமல் மூச்சுத் திணறினால், முன்னே குனியவைத்து, தோட்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். அதேவேளையில் வேறொருவர் 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தல் வேண்டும்.

பிள்ளை குளிசை விழுங்கப் பழகிய அன்றைக்கே, வீட்டிலுள்ள மருந்துகளின் இடத்தையும் மாற்றிவிடுதல் நன்று. நேற்றுவரை குளிசையைக் கண்டு ஓடிய கை, இன்று அதனைத் தானே எடுக்கவுங்கூடும். பாட்டியாரின் மருந்துப் பெட்டி மேசையை விட்டு, பூட்டுள்ள அலுமாரியின் மேற்றட்டுக்குப் போகட்டும்.